புயல் வரும் கரையில் ஏன் குடியிருக்கிறார்கள்?

கேள்வி: அடிக்கடி புயல் அடிக்கும் என்று தெரிந்தும் வங்கதேசக் கடலோரத்தில் அத்தனை பேர் ஏன் வாழ்கிறார்கள் என்று ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் கேட்கிறாள். என்ன சொல்வது?

பதில்: கெட்டிக்காரப் பெண்தான். நிலத்தோற்றம், மக்கள்தொகை, பேரிடர் என்று புத்தகம் தனித்தனிப் பாடமாகப் பிரித்து வைத்ததைச் சேர்த்துக் கேட்டுவிட்டாள்.

கங்கையும் பிரம்மபுத்திராவும் அடித்து வந்த வண்டல்தான் அந்த மண். முகத்துவாரத்தில் ‘சர்’ எனப்படும் புதுத் திட்டுகள் முளைக்கும். நிலமில்லாதவர்கள் அங்கே குடிசை போட்டு நெல் விதைப்பார்கள். சோறும் மீனும் தரும் இடத்தை யார் விடுவார்?

ஆனால் வங்கக்கடல் வடக்கே போகப்போகப் புனல்போலக் குறுகுகிறது, ஆழமும் குறைவு. புயல் தள்ளும் தண்ணீர் ஒதுங்க வழியின்றி உயர்ந்து, தட்டையான கரைக்குள் பாய்கிறது. 1970 போலா புயலில் மாண்டவர்கள் குறைந்தது 3 லட்சம் என்கிறார்கள். பெரும்பாலோரைக் கொன்றது இந்த வெள்ளம்தான். 2007இல் சிதர் புயலும் கடுமையானதே, சாவு சில ஆயிரம். இடையில் தூண்கள்மேல் நிற்கும் காப்பகங்கள் வந்துவிட்டன (பல, மற்ற நாட்களில் பள்ளிக்கூடங்கள்). மெகாபோனும் கையுமாகத் தெருத்தெருவாக எச்சரிக்கும் தன்னார்வலர்களும் உண்டு. மாட்டை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடிப்பவர்களுக்காக, கால்நடைகளை ஏற்றி நிறுத்த ‘கில்லா’ என்ற மண்மேடுகளையும் எழுப்பியிருக்கிறார்கள்.