வேலை கிடைத்தால் மனம் தேறுமா?



"பையனுக்கு ஒரு வேலை மட்டும் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்." அல்லிநகரத்தில் இந்த வார்த்தையைக் கேளாத வீதி இல்லை. படிப்பை முடித்துவிட்டு வீட்டிலிருக்கும் மகன் பகலெல்லாம் படுத்துக் கிடக்கிறான். யாரோடும் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. கலியாண வீடுகளுக்கு வர மறுக்கிறான். வேலை வந்தால் முகம் மலர்ந்துவிடும் என்று தாய் தன்னைத் தேற்றிக்கொள்கிறாள். தகப்பனாரோ பொறுமையிழந்து "தண்டச்சோறு" என்று சொல்லிவிடுகிறார். மகன் அதையும் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறான்.

வேலை ஒன்று கிடைப்பதால் வாலிபரின் மனம் உண்மையிலேயே நலமடைகிறதா? எந்த வேலையானாலும் அந்தப் பலன் உண்டா? இவ்வாரம் இதை ஆராய்வோம்.

1. துன்பத்தின் அளவு

2022-ம் ஆண்டு ஜூலை மாதம் நமது மாநிலத்தில் நான்காம் தொகுதித் தேர்வு நடந்தது. முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்களோ ஏறத்தாழ 22 லட்சம் பேர். ஓர் இடத்துக்கு முந்நூறு பேர்! இவர்களில் எத்தனையோ பேர் இரண்டு வருஷம், மூன்று வருஷம் என்று வேறெதுவும் செய்யாமல் காத்திருப்பவர்கள். சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 2024-ல் இந்தியாவைப் பற்றி வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ல் எழுதப் படிக்கத் தெரியாத வாலிபரில் வேலையில்லாதவர் 100-க்கு 3 அல்லது 4 பேர். பட்டதாரி வாலிபரிலோ 29 பேர். ஆகவே இது சோம்பேறிகளின் கதை அல்ல. கஷ்டப்பட்டுப் படித்த பிள்ளைகளின் கதை.

2. ஒரு மயக்கம்

வேலையிலிருப்பவர் உற்சாகமாயிருக்கிறார், வேலையில்லாதவர் சோர்ந்திருக்கிறார் என்று கண்ணால் காண்கிறோம். ஆகையால் வேலைதான் உற்சாகத்தைத் தந்தது என்று முடிவு செய்கிறோம். இது அவசர முடிவு. இயற்கையிலேயே உற்சாகமுள்ளவனுக்கு வேலை எளிதில் கிடைக்கிறது; மனம் நொந்தவன் நேர்காணலுக்குப் போகவே தயங்குகிறான். அப்படியானால் காரணம் எது, காரியம் எது? இதை அறிய வேண்டுமானால், ஒரே நிலையிலுள்ள பலரில் சிலருக்கு மட்டும் சீட்டுக் குலுக்கி வேலை கொடுத்துப் பார்க்கவேண்டும்.

3. சீட்டுக் குலுக்கிக் கண்ட உண்மை

அப்படியே செய்து பார்த்திருக்கிறார்கள். வங்காளதேசத்திலுள்ள ரோஹிங்கியா அகதிகளின் முகாமில் 745 பேரைத் தெரிந்தெடுத்தார்கள். சீட்டு விழுந்தபடி ஒரு கூட்டத்தாருக்கு எட்டு வாரம் கூலி வேலை. இன்னொரு கூட்டத்தாருக்கு வேலையில்லாமலே அதே அளவு பணம். மூன்றாம் கூட்டத்தாருக்கு இரண்டுமில்லை. 2022-ல் வெளிவந்த முடிவு யாதெனில், வேலை செய்தவர்களின் மனம் தெளிவாகத் தேறியது. பணம் மட்டும் பெற்றவர்களிடம் அத்தகைய மாறுதல் காணப்படவில்லை. அதிலும் ஆச்சரியம், வேலை செய்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், சும்மாயிருந்து பணம் பெறுவதைவிடக் கூலியில்லாமலே சில காலம் வேலையைத் தொடரச் சம்மதித்தார்கள். கைக்கும் வாய்க்கும் எட்டாத அகதிகள் சொன்ன பதில் இது!

4. கூலிக்கு அப்பால் வேலை தருவது என்ன?

இதற்கு விடை ஆஸ்திரியா தேசத்து மரியன்தால் என்னும் கிராமத்திலிருந்து வருகிறது. அது நம் ஊர்களைப்போல ஒரே பஞ்சாலையை நம்பிய ஊர். 1930-ஐ ஒட்டி ஆலை மூடப்பட்டது. மரீ யஹோடா என்ற அம்மையாரும் அவருடைய தோழர்களும் அங்கே ஆராய்ச்சி செய்து 1933-ல் நூல் வெளியிட்டார்கள். ஊராருக்கு இப்போது நேரம் ஏராளம். ஆனால் வாசகசாலையில் சந்தாவை ரத்து செய்த பிறகும் புத்தகம் எடுப்பது பாதியாய்க் குறைந்தது. வீதியில் ஆண்கள் மெதுவாய், நின்று நின்று நடந்தார்கள். பலர் கைக்கடிகாரம் கட்டுவதையே விட்டார்கள். வீட்டு வேலை ஓயாத பெண்களோ முன்போலவே விரைந்து நடந்தார்கள்.

கூலியைத் தவிர வேலை ஐந்து நன்மைகளைத் தருகிறது என்று யஹோடா பின்னர் விளக்கினார். நாளுக்கு ஓர் ஒழுங்கு; வீட்டாரல்லாத மனிதருடன் பழக்கம்; பலர் கூடிச் செய்யும் காரியத்தில் நமக்கும் ஒரு பங்கு; "இன்னார்" என்று சொல்லிக்கொள்ள ஓர் இடம்; கைகால்களுக்கு நியமமான உழைப்பு. விடியுமுன் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்ணுக்கும், சந்தையில் காய் விற்பவருக்கும் இவை உண்டு. ஆகவே வேலை என்றால் சர்க்கார் உத்தியோகம் மட்டுமே என்று எண்ணவேண்டாம்.

5. எந்த வேலையானாலும் போதுமா?

போதாது. ஆஸ்திரேலியாவில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்து 2011-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. வேலையில்லாதவர் நல்ல வேலைக்குப் போனபோது மனம் தேறியது. ஆனால் அளவுமீறிய பாரமும், தன்னிஷ்டமாய் எதையும் தீர்மானிக்க முடியாத நிலைமையும், நிலையற்ற தன்மையும், நியாயமற்ற சம்பளமும் சேர்ந்த கெட்ட வேலைக்குப் போனவர்களின் மனநிலை, வேலையில்லாமலே இருந்தவர்களைக் காட்டிலும் அதிகமாய்க் கெட்டது. எத்தியோப்பியாவிலும் ஏறத்தாழ ஆயிரம் பேரிடையே சீட்டுக் குலுக்கித் தொழிற்சாலை வேலை கொடுத்தார்கள்; பெரும்பாலோர் இளம்பெண்கள். பலர் சில மாதங்களில் வேலையைவிட்டு விலகினார்கள். அந்த வேலையால் உடல்நலக் கேடுகள் அதிகரித்தன என்று 2018-ல் எழுதினார்கள்.

இது நமக்குத் தூரத்துச் செய்தியா? மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் மொத்தமாய்க் கலியாணப் பணம் என்று சொல்லி, திண்டுக்கல், கோயம்புத்தூர், திருப்பூர் ஜில்லாக்களின் நூற்பாலைகளுக்கு ஏழைப் பெண்பிள்ளைகளை அழைத்துப்போன "சுமங்கலித் திட்டம்" நம் நினைவை விட்டு நீங்கவில்லை. வெளியே போகத் தடை, இரவு முறை, நடுவில் நின்றால் மொத்தப் பணமும் சந்தேகம். பெயர் வேலைதான், மேற்சொன்ன ஐந்து நன்மைகளில் அங்கே எத்தனை இருந்தன?

பாப்பரசர் 13-ம் சிங்கராயர் 1891-ம் ஆண்டு நிருபத்தில் நியாயமான கூலியைத் தொழிலாளியின் உரிமையாகப் போதித்தார். 2-ம் அருள் சின்னப்பர் 1981-ம் ஆண்டு நிருபத்தில், உழைப்புக்கு மேலானவன் உழைக்கும் மனிதனே என்று விளக்கினார். ஆராய்ச்சியாளர் எண்களால் கண்டதும் இதற்கு விரோதமல்ல.

6. நாம் செய்யக்கூடியது

பெற்றோரே! "தண்டச்சோறு" என்ற சொல்லை வீட்டைவிட்டுத் துரத்துங்கள். வேலையில்லாதவன் இழந்தது சம்பளம் மட்டுமல்ல, "இன்னார்" என்னும் இடத்தையும் இழந்து நிற்கிறான். வீட்டிலும் அந்த இடத்தைப் பறித்தால் அவன் எங்கே போவான்? மகளை வெளியூர் வேலைக்கு அனுப்புமுன் நான்கு கேள்வி கேளுங்கள்: சம்பளம் மாதாமாதம் அவள் கையில் வருகிறதா? வேலை நேரம் எவ்வளவு? நினைத்தபோது வீட்டுடன் பேசலாமா? வேண்டாமென்றால் இழப்பின்றி நின்றுவிடலாமா?

தேர்வுக்குப் படிக்கும் வாலிபரே! படியுங்கள், ஆனால் படிப்பு ஒன்றையே வாழ்வாக்கிக்கொள்ள வேண்டாம். பிரிட்டனில் எழுபதினாயிரம் பேருக்கு மேல் கவனித்து 2019-ல் வந்த ஆய்வில், வேலையில்லாதவர் வாரத்துக்கு எட்டு மணி நேரம் அளவு கூலி வேலை செய்தாலே மனநோய்க்கு ஆளாகும் அபாயம் சராசரி 100-க்கு 30 பங்கு குறைந்தது; அதற்குமேல் நேரம் கூடுவதால் மனநலம் மேலும் உயர்ந்ததாகத் தெரியவில்லை. வாரத்தில் ஒரு நாள் கடைக் கணக்கு எழுதலாம். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக் கூலி பெறலாம். அது உங்கள் தேர்வைக் கெடுக்காது, உங்களைத் தாங்கும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. பல வாரம் உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, சாகலாம் என்ற எண்ணம் ஆகியவை இருந்தால் அது நோய். வேலை வரட்டும் என்று காத்திருக்காமல் வைத்தியரிடம் போகவேண்டும். 14416 என்ற எண்ணில் இலவசமாய்த் தமிழில் பேசலாம். காலொடிந்தவனை "வேலைக்குப் போ, சரியாகிவிடும்" என்று யாரும் சொல்வதில்லை அன்றோ?

ஆகவே நமது கேள்விக்கு விடை இது: நல்ல வேலை மனதைத் தேற்றுகிறது, பணத்தால் மட்டும் ஆகாததையும் செய்கிறது. கெட்ட வேலை மனதைக் கெடுக்கிறது. நோயுற்ற மனதுக்கோ வேலையோடு மருந்தும் அன்பும் வேண்டும்.

கூடிப் பேசுவதற்கு

1. நம் தெருவில் படித்து முடித்து வேலைக்குக் காத்திருப்பவர் எத்தனை பேர்? அவர்களுடன் கடைசியாக எப்போது பேசினோம்?

2. கடை, பட்டறை, தோட்டம் வைத்திருப்போர் வாரத்தில் ஒரு நாள் வேலையாவது ஒரு வாலிபருக்குக் கொடுக்க முடியுமா?

3. நம்மிடம் வேலை செய்பவர்களுக்கு நாம் கொடுப்பது நல்ல வேலையா?