வெங்காயத்தாமரையும் வேலம்பாசியும்

டில்லி மாநகரின் தென்மேற்கிலுள்ள துவாரகாவை அடுத்துச் செல்லும் நஜஃப்கட் கால்வாய், முற்காலத்தில் சாஹிபி நதியின் வெள்ளம் பரவி நின்ற ஏரிப்படுகையின் நீரை வடிக்க வெட்டப்பட்டது. தன்சாவில் தொடங்கிக் காக்ரோலா வழியே ஏறத்தாழ 57 கிலோமீட்டர் ஓடி, வசீராபாத்தில் யமுனையுடன் கலக்கிறது. நகரின் சாக்கடை நீர் இதில் மிகுதியாகச் சேர்வதால் நைட்ரஜனும் பாஸ்வரமும் பெருகுகின்றன. வெங்காயத்தாமரைக்கு இதனினும் உகந்த உணவு வேறில்லை.

தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்தில் நுழைந்தது. இலைக்காம்பு வெங்காயம்போல் பருத்துக் காற்றறைகள் கொண்டிருப்பதால் நீரில் மிதக்கிறது. ஆகாயத்தாமரை என்ற பெயர் பிஸ்டியா என்னும் வேறொரு செடிக்கும் வழங்குவதால், பதிவேடுகளில் அப்பெயரைத் தவிர்த்தல் நன்று. ஏற்ற சூழலில் இது இரண்டு வாரங்களில் இருமடங்காகும்.

நீர்ப்பரப்பு மூடப்பட்டதும் அடியிலுள்ள வேலம்பாசி முதலியவை ஒளியின்றி மடிகின்றன. வேலம்பாசி என்பது ஹைடிரில்லாவே. பள்ளிகளில் புனலைக் கவிழ்த்துப் பிராணவாயுக் குமிழிகளைக் காட்டும் சோதனைக்குரிய செடி. அது மடிந்தபின் நீருக்குள் பிராணவாயு உண்டாவது நிற்கிறது; அழுகும் பொருள்களோ எஞ்சியதையும் உட்கொள்கின்றன. மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து தவிப்பது இந்நிலையில்தான். (அமெரிக்காவிலோ கதை தலைகீழ்: 1950களில் மீன்தொட்டி வணிகத்தின் வழியே புளோரிடாவை அடைந்த ஹைடிரில்லா, அங்கே பெருங்களையாயிற்று.)

ஆகவே களப்பணியாளர் குளத்தைத் துப்புரவு செய்கையில், பச்சையாய்க் காணும் அனைத்தையும் அகற்றிவிடுதல் பிழையாகும். அல்லி, வேலம்பாசி, கரையோரச் சம்பு ஆகியவை ஊட்டப்பொருள்களை ஈர்த்து, மீன்குஞ்சுகளுக்கும் பறவைகளுக்கும் புகலிடம் தருகின்றன. அவற்றையும் பறித்துவிட்டால், எஞ்சிய ஊட்டத்தைக் கொண்டு நுண்பாசி பெருகி நீர் பசுங்குழம்பாகும். சம்பு அளவுக்கு மீறினால் மட்டும் பகுதி பகுதியாக வெட்டலாம்.

அகற்றிய வெங்காயத்தாமரையைக் கரையிலேயே குவித்து வைப்பது வீண்செலவு. மழை பெய்தால் அழுகலின் ஊட்டம் மீண்டும் நீரையே சேரும். உயிருள்ள துண்டுகளும் திரும்ப மிதக்கும். தொலைவிற் கொண்டுபோய் எருவாக்குதல் வேண்டும். ஆனால் சாக்கடை நீரிலுள்ள கன உலோகங்களை இச்செடி ஈர்க்குமாதலால், அவ்வெருவைச் சோதியாமல் காய்கறி நிலத்திலிடலாகாது.

இச்செடியைத் தின்னும் நியோகெட்டினா கூன்வண்டுகள் 1983–84இல் பெங்களூரில் விடப்பட்டு நற்பயன் தந்தன. வண்டுகளின் வேலை மெதுவானது. ஓடும் கால்வாயில் செடியோடு அவையும் அடித்துச் செல்லப்படும். விதைகளோ சேற்றில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் முளைக்கும் ஆற்றலுடன் கிடக்கக் கூடியவை. எனவே ஒருமுறை சுத்தம் செய்த குளத்தையும் ஆண்டுதோறும் பூக்கும் முன்னரே பார்வையிட்டு, புதிய நாற்றுகளைக் கையாற் களைய வேண்டியிருக்கிறது.