புதுக் கணினிக்கு மாறுமுன் பழைய கோப்புகளைக் காப்பாற்றுங்கள்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திவிட்டது. பத்து வருடங்களுக்கு முன் வாங்கிய கணினியை இன்னும் வைத்திருக்கும் கண்டி, கட்டுகஸ்தோட்டை, பேராதனை, கம்பளைக் குடும்பங்கள் இப்போது புதிது வாங்க யோசிக்கின்றன. அதே ஆண்டு நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. வெள்ளத்திலும் மண்சரிவிலும் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. வீட்டோடு காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் கல்யாணப் படங்களும் போய்விட்ட குடும்பங்கள் நம் மலைகளில் உண்டு.

இந்த இரண்டையும் சேர்த்துத்தான் இந்த ஆலோசனையை எழுதுகிறேன். கணினி மாற்றும் நேரம்தான், அதற்குள் இருக்கும் உங்கள் வாழ்க்கைப் பதிவுகளைச் சரியாகப் பாதுகாக்க ஏற்ற நேரம். ஒழுங்கு இப்படி இருக்கட்டும்: முதலில் பிரதி எடுங்கள், பிறகு கடைக்குப் போங்கள், பழைய கணினியைக் கடைசியில் கைவிடுங்கள். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் இழக்கிறார்கள்.

மாற்றத்தான் வேண்டுமா?

எல்லோரும் மாற்ற வேண்டியதில்லை. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசசரும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் தேவை. உங்கள் கணினியில் இவை இருந்தால் அதை வைத்துக்கொள்ளலாம். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு எஸ்எஸ்டி போட்டு, ராமை 8 ஜிபிக்கு உயர்த்தினாலே வேகத்தில் பெரிய மாற்றம் தெரியும். புதியதின் விலையோடு ஒப்பிட்டால் இது சிறு செலவு.

இல்லையென்றால் இரண்டு வழிகள் உண்டு. வீட்டுப் பாவனையாளர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்பை மைக்ரோசொப்ட் அறிவித்தது; அது ஆறுதலாக யோசிக்க ஒரு அவகாசம், அவ்வளவுதான். மற்றது, லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தை நிறுவுவது. இணையம் பார்க்க, கடிதம் தட்டச்சு செய்ய, பிள்ளைகள் படிக்க அது தாராளமாகப் போதும்.

கடையில் கேட்க வேண்டியவை

தலதா வீதியிலும் சுற்றியுள்ள தெருக்களிலும் புதிய லப்டொப்கள் மட்டுமல்ல, வெளிநாட்டு அலுவலகங்கள் பாவித்துக் கழித்தவையும் விற்பனைக்கு வருகின்றன. பாவித்ததை வாங்குவதில் தவறில்லை. ஆனால் "ஐ5 மெஷின்" என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பிக் காசு கொடுக்காதீர்கள். ஐ5க்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 7300 என்றால் 7ஆம் தலைமுறை, 8250 என்றால் 8ஆம் தலைமுறை, 10210 என்றால் 10ஆம் தலைமுறை. 7ஆம் தலைமுறை மெஷினில் விண்டோஸ் 11 போட்டுக் காட்டினாலும், ஒரு சில மொடல்களைத் தவிர அது மைக்ரோசொப்ட் ஏற்றுக்கொண்ட நிறுவல் அல்ல. பின்னால் வரும் பெரிய புதுப்பிப்புகள் தடைப்படலாம்.

ராம் 8 ஜிபிக்குக் குறையாமலும் எஸ்எஸ்டி 512 ஜிபி அளவிலும் இருந்தால் ஒரு வீட்டுக்குப் போதும். விண்டோஸ் அசல் உரிமத்தோடு வருகிறதா என்று கேளுங்கள். கிராக் போட்ட விண்டோஸ் வைரசுக்குத் திறந்த கதவு. தொடரிலக்கமும் வாரண்டிக் காலமும் எழுதிய பற்றுச்சீட்டை வாங்குங்கள். கேட்டால் பற்றுச்சீட்டு கொடுப்பது வியாபாரியின் கடமை என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகாரசபைச் சட்டம் சொல்கிறது.

எதையெல்லாம் எடுப்பது?

"மை டொக்கியுமெண்ட்ஸ்" ஒன்றை மட்டும் கொப்பி செய்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். ஒரு தாளில் பட்டியல் போட்டுக்கொண்டு தொடங்குங்கள். டெஸ்க்டொப்பில் கிடப்பவை, டவுன்லோட்ஸ், படங்கள், வீடியோக்கள், டி, ஈ டிரைவ்களில் தனியாகப் போட்டு வைத்தவை. பிரவுசரில் சேமித்த முகவரிகளும் கடவுச்சொற்களும். அவுட்லுக் பாவித்தவர்களுக்கு அதன் அஞ்சல் கோப்பு. கைத்தொலைபேசியிலிருந்து முன்பு கணினிக்கு எடுத்துவைத்த பேக்கப்.

கடைக் கணக்கு மென்பொருள் பாவிப்பவர்கள் கோப்புறையைக் கொப்பி செய்வதோடு நிற்க வேண்டாம். அந்த மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் பேக்கப் வசதியால் ஒரு பிரதி எடுத்து, அதைப் புதுக் கணினியில் ஏற்றிப் பாருங்கள்.

பழைய சீடி, டிவிடிக்களையும் இப்போதே எடுத்து வையுங்கள். புது லப்டொப்களில் அதைப் போடும் இடமே இல்லை. யூஎஸ்பியில் இணைக்கும் டிவிடி டிரைவ் ஒன்றை இரவல் வாங்கினாலும் போதும். கண்டியின் ஈரக்காற்றில் சீடியில் பூஞ்சணம் பிடிக்கும். இன்று திறக்கிற சீடி அடுத்த வருடம் திறக்கும் என்ற உறுதி கிடையாது.

எப்படி எடுப்பது?

ஒரு எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கி, பழைய கணினியில் கொழுவி, அதில் ஏற்றி, பிறகு புதியதில் இறக்குவதே எளிய வழி. நேரத்தையும் கணக்கில் எடுங்கள். பழைய யூஎஸ்பி 2 துளையில் 100 ஜிபி ஏறச் சுமார் ஒரு மணித்தியாலம் ஆகும். யூஎஸ்பி 3 என்றால் ஏறக்குறைய இருபது நிமிடம். சின்னச் சின்னப் படங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் இன்னும் கூடும்.

கொப்பி செய்யுங்கள், ஒருபோதும் கட் செய்யாதீர்கள். இடையில் கரண்ட் போனால் கட் செய்த கோப்பு இரண்டு பக்கமும் பழுதாகலாம். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் கண்டியில் பின்னேரங்களில் இடியும் மின்னலும் அதிகம். ஆகவே இந்த வேலையைக் காலையில் தொடங்குங்கள். மேசைக் கணினி என்றால் யூபிஎஸ் மூலம் கரண்ட் கொடுங்கள். இடி கேட்டால் பிளக்கை மட்டுமல்ல, ரவுட்டரிலிருந்து வரும் கேபிளையும் கழற்றிவிடுங்கள். அந்தக் கேபிள் வழியாகவும் மின்னல் உள்ளே வரும்.

பழைய கணினி உயிர் பெறவே மறுக்கிறதா? பதற வேண்டாம். பவர் சப்ளையோ போர்டோ பழுதானாலும் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதைக் கழற்றி யூஎஸ்பி கேசிங் ஒன்றில் போட்டுப் புதுக் கணினியில் கொழுவலாம். லப்டொப்பின் இரண்டரை அங்குல டிஸ்க் யூஎஸ்பி கரண்டிலேயே ஓடும். மேசைக் கணினியின் மூன்றரை அங்குல டிஸ்க்குக்குத் தனி அடப்டர் வேண்டும். டிஸ்க்கிலிருந்து டக், டக் என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தால் மிச்சமும் போய்விடும். அது தரவு மீட்பு நிபுணரின் வேலை.

கடையில் கொடுத்துக் கொப்பி எடுப்பிப்பதானால் பக்கத்திலேயே இருங்கள். வீட்டுப் பெண்களின் படங்களும் வங்கிக் கடிதங்களும் உள்ள டிஸ்க்கை முன்பின் தெரியாத கையில் இரவு முழுவதும் விட்டுவரக் கூடாது.

ஏற்றி முடிந்ததும் இரண்டு பக்கமும் கோப்புறையின் ப்ரொபர்ட்டீஸைப் பார்த்து, கோப்புகளின் எண்ணிக்கையும் அளவும் ஒன்றாக இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். பிறகு ஒவ்வொரு வகையிலும் சிலவற்றைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியைப் பிரதி என்று கணக்கில் வைக்காதீர்கள்.

பாமினிக் கோப்புகள்: தமிழருக்கான தனி வேலை

இலங்கையில் தமிழில் தட்டச்சு செய்தவர்களில் பெரும்பாலோர் நெடுங்காலம் பாவித்தது பாமினி எழுத்துரு. கோயில் உபயகாரர் பட்டியல், பாடசாலைப் பரிசளிப்பு மலர், சங்க அறிக்கை, அப்பா எழுதிவைத்த குடும்ப வரலாறு எல்லாம் அதில்தான் இருக்கும். இந்தக் கோப்புகளைக் கொப்பி செய்வது பாதி வேலைதான்.

காரணம் இது. பாமினிக் கோப்புக்குள் உண்மையில் தமிழ் எழுத்தே கிடையாது. "தமிழ்" என்று நீங்கள் அடித்த இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஒரு அரைப்புள்ளியும்தான் பதிவாகியிருக்கும். பாமினி எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைக் காட்டும். புதுக் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் திரையில் வருவது பொருளற்ற ஆங்கில எழுத்துகள். கோப்பு பழுதாகிவிட்டது என்று நினைத்து அழித்துவிடுவது அங்கேதான் நடக்கிறது.

ஆகவே மூன்று காரியங்களைச் செய்யுங்கள். முதலாவது, பழைய கணினியின் விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள பொண்ட்ஸ் கோப்புறையிலிருந்து பாமினியையும், நீங்கள் பாவித்த மற்றத் தமிழ் எழுத்துருக்களையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, முக்கியமான ஒவ்வொரு ஆவணத்தையும் பழைய கணினியிலேயே பிடிஎஃப் ஆக்குங்கள். எழுத்துரு அதற்குள்ளேயே பதிந்துவிடுவதால் எங்கே திறந்தாலும் பக்கம் அப்படியே தெரியும். பேஜ்மேக்கரில் மலரோ புத்தகமோ செய்தவர்களுக்கு இது அவசரம். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001இல். அதன் கோப்புகளை இன்டிசைனின் சிஎஸ்6 பதிப்பு வரைதான் திறக்க முடியும். அதற்குப் பிந்தியவை திறப்பதில்லை.

மூன்றாவது, எழுத்தை யுனிகோடுக்கு மாற்றுங்கள். பிடிஎஃப் கண்ணுக்குத் தெரியும், ஆனால் அதில் ஒரு பெயரைத் தேட முடியாது. யுனிகோடாக்கினால் தேடலாம், வட்ஸ்அப்பில் அனுப்பலாம், எந்தக் கைத்தொலைபேசியிலும் படிக்கலாம். சென்னை நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்எச்எம் கன்வேர்ட்டர் இதற்கு உதவும். கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியும் பாமினியை யுனிகோடாக்கும் மாற்றியொன்றை உருவாக்கியது.

மாற்றியபின் மெய்ப்புப் பார்க்காமல் விடாதீர்கள். இடையிடையே ஆங்கிலச் சொல் வந்த இடங்களில் அந்தச் சொல்லும் தமிழாக மாறிச் சிதைந்திருக்கும். துணைக்காலையும் "ர" எழுத்தையும் பலர் மாற்றி அடித்திருப்பார்கள். தாளில் இரண்டும் ஒன்றுபோல் தெரிந்ததால் அன்று யாரும் கவனிக்கவில்லை. யுனிகோடில் அது பிழையாகவே நிற்கும், தேடினாலும் அகப்படாது. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. வேறெங்கும் பிரதி இல்லாதவற்றிலிருந்து தொடங்குங்கள். மூலக் கோப்பை அழிக்கவும் வேண்டாம்.

பாமினி விசைப்பலகை கைக்குப் பழகியவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. என்எச்எம் ரைட்டர் போன்ற இலவச மென்பொருளை நிறுவினால் அதே விரல் பழக்கத்தோடு யுனிகோடில் தட்டச்சு செய்யலாம். இனி எழுதும் எதையும் யுனிகோடிலேயே எழுதுங்கள்.

மூன்று பிரதிகள், ஒன்று வெளியூரில்

முக்கியமான கோப்புகளுக்கு மூன்று பிரதிகள் இருக்க வேண்டும்: ஒன்று புதுக் கணினியில், ஒன்று எக்ஸ்டெர்னல் டிஸ்க்கில், ஒன்று வீட்டுக்கு வெளியே. வெளியே என்றால் அடுத்த வீடு அல்ல. ஒரே மலைச்சரிவில் இருக்கும் இரண்டு வீடுகளுக்கும் ஆபத்து ஒன்றாகவே வரும். கண்டியில் இருப்பவர்கள் குருநாகலிலோ கொழும்பிலோ உள்ள உறவினரிடம் ஒரு டிஸ்க்கைக் கொடுத்துவைத்து, வருடத்தில் ஒருமுறை புதுப்பிக்கலாம். உறுதி, சான்றிதழ்கள், அடையாள அட்டை ஆகியவற்றின் ஸ்கேன் பிரதிகளுக்கும் தெரிந்தெடுத்த படங்களுக்கும் கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடம் போதும். அந்தக் கணக்குக்கு இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போட்டுவிடுங்கள்.

வீட்டில் இருக்கும் டிஸ்க்கை சிலிக்கா ஜெல் பைகளோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும்போது ஆவணப் பையோடு தூக்கக்கூடிய இடத்தில் அது இருக்கட்டும். எச்சரிக்கை வந்தபின் மேசைக் கணினியைக் கழற்றிக்கொண்டு நிற்க வேண்டாம், உயிர்தான் முதலில்.

இன்னுமொன்று. புதிய விண்டோஸ் 11 கணினிகள் பல, பிட்லொக்கர் என்ற பூட்டைத் தாமாகவே போட்டுக்கொள்ளும். ஏதாவது பழுது வந்தால் 48 இலக்க மீட்பு எண் இல்லாமல் உள்ளே இருப்பதை யாராலும் எடுக்க முடியாது. உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கில் அந்த எண்ணைப் பார்த்துத் தாளில் எழுதி, உறுதிகளோடு சேர்த்து வையுங்கள்.

பழைய கணினியை என்ன செய்வது?

ஆறு மாதமாவது வைத்திருங்கள். மறந்துபோன கோப்பு ஏதாவது அதற்குள் நினைவுக்கு வரும். பிறகு யாருக்காவது கொடுப்பதானால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி நீங்களே வைத்துக்கொள்வது நல்லது. டிஸ்க்கோடு கொடுத்தால் போமட் செய்தது மட்டும் போதாது. விண்டோஸ் ரீசெட்டில் தரவை முழுமையாகத் துடைக்கும் தெரிவைப் பாவியுங்கள். பாவிக்கவே முடியாததைப் பழைய இரும்புக்குப் போடாமல், மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிடம் கொடுங்கள். அதிலுள்ள ஈயமும் மற்ற நச்சு உலோகங்களும் மகாவலியில் சேரக் கூடாது.

புதுக் கணினி வாங்கக் காசு சேரும்வரை காத்திருக்காதீர்கள். வரும் சனி, ஞாயிறில் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி, முதல் பிரதியை எடுத்துவிடுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்காரவைத்து, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுங்கள். நாளைக்கு அவற்றைத் தேடப்போவது அவர்கள்தான்.