ரங்கனதிட்டு நாரைக்கு எந்த ஊர்?

மைசூரை அடுத்த ரங்கனதிட்டில் படகு நகரத் தொடங்கியதும் யாராவது ஒருவர் பிள்ளைகளிடம் சொல்வது காதில் விழும்: “இதெல்லாம் சைபீரியாவிலிருந்து வந்த பறவைங்க.” நகருக்குள் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் நடக்க வருகிறவர்களிடமும் இதே பேச்சுதான்.

அங்கே மரம் மரமாக உட்கார்ந்திருக்கும் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் நத்தைகுத்தி நாரையும் நம் மண்ணின் பறவைகள். மழையையும் மீனையும் பார்த்து ஊர் விட்டு ஊர் போகும். இமயத்துக்கு அப்பாலிருந்து வருபவை அல்ல. அப்படி வருகிறவையும் உண்டு. நஞ்சன்கூடு பக்கம் ஹதினாரு ஏரிக்குக் குளிர்காலத்தில் வரும் வரித்தலை வாத்துகள் மங்கோலியா, திபெத் பகுதிகளிலிருந்து இமயத்தைக் கடந்து வருகின்றன. ஆனால் அவை இங்கே முட்டையிடுவதில்லை. இரை தின்று குளிரைக் கழித்துவிட்டுத் திரும்பிவிடும். நாரைகளோ இங்கேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன.

இதை வீண் விவாதம் என்று தள்ளிவிட முடியாது. விருந்தாளி என்று நினைத்தால், இந்த ஏரி இல்லாவிட்டால் வேறு ஏரிக்குப் போகட்டும் என்று தோன்றும். கூடே இங்கேதான் என்று தெரிந்தவர் அந்த மரத்தை வெட்ட யோசிப்பார். பறவையியலாளர் சலீம் அலி எடுத்துச் சொன்னபின் மைசூர் அரசு 1940-இல் ரங்கனதிட்டைச் சரணாலயமாக்கியதும் அந்தக் கூடுகளுக்காகத்தான். கூடுகள் இருக்கும் ஆற்றுத் திட்டுகளே 17-ஆம் நூற்றாண்டில் காவிரியின் குறுக்கே எழுப்பிய தடுப்பணையால் உருவானவை. மனிதர் கைபட்ட இடமும் பறவைக்கு வீடாகும்.

கைபடுவது என்றதும் இன்னொரு நம்பிக்கை நினைவுக்கு வருகிறது. மனிதர் தொட்ட குஞ்சைத் தாய்ப்பறவை சேர்க்காது என்பார்கள். இதை நம்பியே தோட்டத்தில் விழுந்த எத்தனையோ குஞ்சுகளைக் காக்கைக்கும் பூனைக்கும் விட்டுவிடுகிறோம். குஞ்சின் குரலைக் கேட்டும் திறந்த வாயைக் கண்டும் இரையூட்டுபவை பறவைகள். மனித வாடைக்காகத் தம் குஞ்சை அவை ஒதுக்குவதில்லை. இறகு முளைக்காத குஞ்சு என்றால் தயங்காமல் கூட்டில் எடுத்து வையுங்கள். இறகு முளைத்துத் தத்துகிற குஞ்சு பறக்கப் பழகுகிறது. பெற்றோர் அருகில்தான் இருக்கும். பூனையை மட்டும் விரட்டிவிட்டு விலகி நில்லுங்கள்.

உயர்ந்த மரத்திலிருந்து விழும் கூழைக்கடாக் குஞ்சின் கதை வேறு. தரையில் கிடக்கும் குஞ்சுக்குத் தாய் இறங்கிவந்து ஊட்டாது. மண்டியா மாவட்டம் கொக்கரே பெள்ளூரில் வீட்டு முற்றத்துப் புளிய மரங்களிலேயே கூழைக்கடாவும் நாரையும் கூடு கட்டுகின்றன. மைசூர் அமெச்சூர் நேச்சுரலிஸ்ட்ஸ் என்ற ஆர்வலர் குழு 1990-களில் அங்கே போய் வேலை செய்தது. ஊர் இளைஞர்கள் ‘ஹெஜ்ஜார்லே பளக’ என்று ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். விழுந்த குஞ்சுகளை மீன் கொடுத்து வளர்த்துப் பறக்கவிட்டார்கள். இந்தப் பறவைகள் வந்தால் ஊர் செழிக்கும் என்பது அந்த ஊர் மக்களின் நம்பிக்கை. அதைப் பொய் என்று நிரூபிக்க எனக்கு ஆசையில்லை. எச்சம் வயலுக்கு உரமாகிறது, மரங்களும் நிற்கின்றன. நம் தமிழ்நாட்டுக் கூந்தன்குளத்திலும் இதே உறவைப் பார்க்கலாம்.

செல்போன் கோபுரம் சிட்டுக்குருவியை அழித்துவிட்டது என்ற பேச்சு மட்டும் இன்னும் ஓயவில்லை. பறவை ஆர்வலர்களின் குறிப்புகளைத் திரட்டி 2020-இல் வெளிவந்த ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை, நாடு முழுவதுமாகப் பார்த்தால் 25 ஆண்டுகளுக்கு மேலாகச் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாக இருப்பதாகச் சொன்னது. பெருநகரங்களில் அது குறைந்திருப்பது உண்மை. ஆனால் கோபுரத்தின் மேல் பழிபோட ஆதாரம் இல்லை. தானியம் தின்னும் குருவியும் தன் குஞ்சுக்குப் புழு பூச்சிதான் ஊட்டும். செடிக்குச் செடி பூச்சிமருந்து அடித்த தோட்டத்தில் குஞ்சு எப்படிப் பிழைக்கும்? கோபுரத்தைத் திட்டுவது சுலபம், மருந்துப் புட்டியைக் கீழே வைப்பதுதான் கடினம்.

அரச மரம் இரவிலும் பிராணவாயு தரும் என்பதும் சரியல்ல. வெளிச்சம் இல்லாமல் எந்தச் செடியும் பிராணவாயுவை வெளிவிடாது. இரவில் மரமும் நம்மைப்போல் அதை உள்ளிழுக்கிறது. அரச மரத்தைப் போற்ற அதன் பழமே போதும், குயிலும் பச்சைப்புறாவும் அதைத் தேடி வரும்.

இவற்றில் எதையும் நான் சொல்கிறேன் என்பதற்காக ஏற்க வேண்டாம், நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். 2014 முதல் 2016 வரை மைசூர் ஆர்வலர்கள் நகரத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் என்ன பறவை என்று நடந்து நடந்து குறித்துப் பறவை வரைபடத் தொகுப்பு ஒன்றைத் தயாரித்தார்கள். தமிழ்நாட்டில் 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டு மொட்டைமாடியோ தெருமுனையோ போதும். வரும் பொங்கலுக்கு 15 நிமிடம் நின்று, கண்டதை எண்ணி, நாளும் இடமும் போட்டு எழுதி அந்தக் கணக்கெடுப்புக்கு அனுப்புங்கள்.