யானையும் அரவும் செய்த பூஜை

மனிதனின் குறையை அவனிடம் நேரே சொன்னால், தன்னைக் காத்துக்கொள்ளக் காரணங்களைத் தேடுவான். அதையே ஒரு யானையின் கதையாகச் சொன்னால் அமைதியாகக் கேட்பான். கேட்டு முடிக்கையில், கதையில் வந்தது தானே என்று உணர்வான். நம் கவிஞர்கள் விலங்குகளைப் பாடியதற்கு இதுவும் ஒரு காரணம். ஸ்ரீகாளஹஸ்தியின் தலவரலாறு இதற்குச் சிறந்த சான்று.

பொன்முகலி என்னும் ஸ்வர்ணமுகி ஆற்றங்கரையில் விளங்கும் இந்த வாயுத்தலம், முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்தது; 2022 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. ‘ஸ்ரீ’ என்பது சிலந்தி, ‘காளம்’ என்பது பாம்பு, ‘ஹஸ்தி’ என்பது யானை என்று ஊரின் பெயருக்கே பொருள் கூறுவது மரபு. கிருஷ்ணதேவராயரின் அவைப் புலவராகப் போற்றப்படும் தூர்ஜடி, 16-ஆம் நூற்றாண்டில் இம்மூன்றின் பக்தியையும் தெலுங்கில் காவியமாகப் பாடினார்.

ஒருவர் காணிக்கை, மற்றவருக்குக் குப்பை

பாம்பு மாணிக்கங்களைக் கொணர்ந்து இறைவனுக்குச் சாத்தி வழிபட்டது. பிறகு யானை வந்தது. அதன் கண்ணுக்கு மாணிக்கங்கள் வெறும் கற்களாகத் தெரிந்தன. அவற்றை அகற்றி, துதிக்கையால் நீராட்டி, வில்வம் சாத்திச் சென்றது. திரும்பி வந்த பாம்புக்கோ வில்வம் குப்பையாகத் தெரிந்தது. இது நாள்தோறும் நடந்தது. ஒருநாள், தன் பூஜையைக் கலைப்பவன் யார் என்று அறிய, பாம்பு இலைகளுக்குள் மறைந்திருந்தது. யானை வந்ததும் சினத்துடன் துதிக்கைக்குள் புகுந்தது. வேதனை தாங்காத யானை துதிக்கையை மோதிக்கொண்டது, இரண்டும் மாண்டன. இறைவன் இரண்டுக்கும் முக்தி அளித்தார்.

இங்கே தீயவர் எவரும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டின் பக்தியும் உண்மையானது. பகையை மூட்டியது பக்தி அன்று. அதனுடன் ஒட்டிக்கொண்ட ‘என் பூஜை’ என்னும் எண்ணமே. பொருளாசையைத் துறந்தவரிடமும் இந்த ‘என்’ எஞ்சியிருப்பதுண்டு. இங்கே அது பக்தியின் உருவத்தில் வருவதால், அதை இன்னதென்று கண்டுகொள்வது கடினம்.

இரு மறைவுகள்

அதே காளத்தியில் மனிதர்களிடையேயும் இது நிகழ்ந்ததை, 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைக்கிறார். வேடரான திண்ணனார் இறைச்சி படைக்கிறார். வாயில் கொணர்ந்த நீரால் திருமஞ்சனம் ஆட்டுகிறார். ஆகமம் அறிந்த சிவகோசரியார் அதைக் கண்டு பதறி, இடத்தைத் தூய்மை செய்து தம் முறைப்படி வழிபடுகிறார். அவர் சாத்திய மலர்களைத் திண்ணனார் செருப்பணிந்த காலால் விலக்குகிறார். யானையும் அரவும் செய்ததற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

வேறுபாடு முடிவில் இருக்கிறது. சிவகோசரியாரும் மறைந்திருக்கிறார், ஆனால் பழிவாங்க அன்று. கனவில் தோன்றிய இறைவன், மறைந்திருந்து அவ்வன்பைக் காணுமாறு பணித்ததால் மறைந்திருக்கிறார். தம் கண்ணையே பெயர்த்து இறைவனுக்கு அப்பிய கண்ணப்பரை அன்று அவர் கண்டார். அரவின் மறைவு கொலையில் முடிந்தது. அந்தணரின் மறைவு தரிசனமாயிற்று. பொறுத்திருந்து பிறர் உள்ளத்தைக் காணும் ஆற்றல் மனிதனுக்கு உண்டு. அதைப் பயன்படுத்தாதபோது அவன் அந்த யானையினின்று வேறானவன் அல்லன். சிலந்தி, அரவு, யானையுடன் வேடரையும் சேர்த்து, கல்வியால் மட்டுமே முக்தி வருவதில்லை என்று தூர்ஜடி தம் சதகத்தில் உணர்த்துவதும் சிந்திக்கத்தக்கது.

உரிமை கொண்டாடாத குருகு

காளத்திக்கு அண்மையிலுள்ள திருவேங்கடத்தைப் பாடிய குலசேகர ஆழ்வார் ஓர் அரசர். நாட்டையே ‘என்னுடையது’ என்று சொல்லத்தக்கவர். அவரோ மானிட உடலை வேண்டாமல், அம்மலையின் நீர்நிலையில் வாழும் குருகாக, சுனையில் நீந்தும் மீனாகப் பிறக்க விழைந்தார். குருகுக்கு அங்கே பூஜைமுறை இல்லை, காணிக்கையும் இல்லை. ஆகவே அது எவருடனும் பூசலிட வேண்டியதில்லை. அங்கிருப்பதே அதற்குப் போதும். பின்னர் அவர் சந்நிதியின் படியாகக் கிடக்கவும் விரும்பினார். திருமலைக் கருவறையின் வாயிற்படி இன்றும் ‘குலசேகரன் படி’ எனப்படுகிறது.

நம் வீட்டிலும் கோயிலிலும் பிறர் வழிபடும் முறை நமக்குப் பொருந்தாததாகத் தோன்றலாம். அதை அகற்றக் கை நீளும்போது, அங்கே கிடப்பது குப்பைதானா, இன்னோர் உயிர் அன்புடன் கொணர்ந்த மாணிக்கமா என்று ஒரு கணம் பொறுத்திருந்து பார்ப்போம். அந்தப் பொறுமையும் இறைவனுக்குச் செய்யும் பூஜையே.