ஈர நோட்டுகளின் நிறம்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய ‘சாம்பல் ஊர்’ தொகுப்பு வந்து சேர்ந்தது. 16 படங்களையும் மேசைமேல் பரப்பி ராத்திரியும் பார்த்தேன், காலை வெளிச்சத்திலும் பார்த்தேன். கூடவே நீ வைத்திருந்த துண்டுச் சீட்டையும் படித்தேன். எண்ணூரில் எடுக்க இனி ஒன்றுமில்லை, மனசு ஓடவில்லை, காசிக்குப் போய்ப் படமெடுக்கலாம் என்றிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அந்தச் சீட்டு வராமல் இருந்திருந்தால் ‘நன்றாக இருக்கிறது’ என்று இரண்டு வரியோடு நிறுத்தியிருப்பேன்.

வெளிச்சம், பிரேம், ஷட்டர் பற்றியெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவை உன் கைக்கு வந்துவிட்டன. நேராகக் குறைக்கு வருகிறேன்.

16 படங்களில் 11-இல் புகைபோக்கி நிற்கிறது. ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிற அம்மாவை எடுத்திருக்கிறாய். அதுவும் பின்னாலிருந்து. தலைக்கு மேல் மூன்று புகைபோக்கிகள். பார்க்கிறவன் கண் நேராக மேலேதான் போகும். அந்த அம்மா கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையையும் சேற்றுக்குள் விட்டு, விரலில் இறால் இடிக்கிற நொடியில் பிடித்துக் கூடைக்குள் போடுகிறார். இரண்டு கையும் தண்ணீருக்குள் வேண்டும் என்பதால்தான் கூடை வாய்க்குப் போயிற்று. அந்தத் தாடை எப்படி வலிக்கும்? பேச வேண்டுமென்றால் என்ன செய்வார்? இதையெல்லாம் விட்டுவிட்டு நீ முதுகைக் காட்டுகிறாய்.

புகைபோக்கி பொய் என்று நான் சொல்லவில்லை. கொசஸ்தலையாற்றில் சாம்பல் கலந்ததும், ஆறு தூர்ந்ததும், மீன் குறைந்ததும் நம் கண்ணெதிரே நடந்தவை. ஆனால் புகைபோக்கியை எடுக்க வெளியூர்க்காரனுக்கு ஒரு பகல் போதும். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதே, அப்போது பார்த்தோம். வாளியால் எண்ணெயை அள்ளியவர்களை நாடே படத்தில் பார்த்தது. பிறகு கேமராக்கள் கிளம்பிப் போய்விட்டன. அள்ளியவர்கள் அந்தச் சட்டையைத் துவைத்தார்களா, கொளுத்தினார்களா? அடுத்த வாரம் மீன் வாங்க யாராவது வந்தார்களா? இதையெல்லாம் அங்கே குடியிருப்பவர்தான் எடுக்க முடியும். எண்ணூர் அனல்மின் நிலையத்தையே எடுத்துக்கொள். 1970-இல் ஓடத் தொடங்கி 2017-இல் நின்றது. அதில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் உன் தெருவிலேயே இருப்பார்கள். தொகுப்பில் அவர்கள் முகம் ஒன்றுகூட இல்லை. குடியிருந்துகொண்டே விருந்தாளி மாதிரி எடுத்திருக்கிறாய். என் கோபம் அதுதான்.

இரண்டாவது குறை என்னை இன்னும் அதிகமாக எரிச்சல்படுத்தியது. எல்லாப் படத்தையும் கறுப்பு-வெள்ளை ஆக்கியிருக்கிறாய். யார் சொன்னது வடசென்னை கறுப்பு-வெள்ளை என்று? ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை தடைக்காலத்தில் காசிமேட்டுக்குப் போய்ப் பார். விசைப்படகுகளைச் சுரண்டி, பட்டி வைத்து, நீலமும் பச்சையும் சிவப்புமாகப் பெயின்ட் அடிப்பார்கள். பெயின்ட் டப்பா வழிந்து தரையே கோலம் போட்டது மாதிரி கிடக்கும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் வரிசை கட்டி நிற்கிற கன்டெய்னர்களின் துருவுக்கே எத்தனை சாயல்! கலரில் எடுத்தால் கனம் இருக்காது என்று பெரிய பெரிய ஆட்கள் சொல்லிக்கொண்டிருந்த காலத்திலேயே, ரகுபீர் சிங் இந்தியாவைக் கலரில்தான் எடுப்பேன் என்று கடைசிவரை எடுத்தார். 1999-இல் அவர் இறந்தபோது நான் இழவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஏழைகளைக் கறுப்பு-வெள்ளையில் காட்டினால்தான் மரியாதை என்ற நினைப்பு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. நம் ஜனங்கள் நிறம் பார்த்துப் புடவை எடுக்கிறவர்கள், நிறம் பார்த்து மீன் வாங்குகிறவர்கள்.

இப்போது 14-ஆம் படம். அதற்கு நீ தலைப்புகூட வைக்கவில்லை, கணக்குக்குச் சேர்த்த மாதிரி கடைசிப் படங்களுக்கு நடுவில் செருகியிருக்கிறாய். மீன் விற்றுவிட்டு வந்த உன் அம்மா, நனைந்த நோட்டுகளைத் தரையில் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காயவைக்கிறார். மேலே மின்விசிறி ஓடுகிறது. நோட்டு பறக்காமல் இருக்கத் தராசின் எடைக்கற்களை மேலே வைத்திருக்கிறார். அவர் உட்கார்ந்திருக்கிற விதத்தில் அன்றைய அலைச்சல் முழுக்கத் தெரிகிறது. ஐஸ் தண்ணீரில் ஊறிய விரல் நுனி சுருங்கியிருப்பதுகூடத் தெரிகிறது. மகளே, நான் ஆயுள் முழுக்கக் கேமரா பிடித்தவன். இப்படி ஒரு படம் எனக்கு அமைந்ததில்லை. இந்த ஒரு படத்துக்காக மற்ற 15-ஐயும் தூக்கிப் போடலாம்.

அதையும் கறுப்பு-வெள்ளை ஆக்கிவிட்டாயே! பத்து ரூபாய் நோட்டு பழுப்பு, ஐம்பது நீலம், நூறு ஊதா, இருநூறு மஞ்சள். கலரில் இருந்தால் அம்மாவின் அன்றைய வியாபாரத்தைத் தரையிலேயே படித்துவிடலாம். பழுப்பு அதிகமா, மஞ்சள் ஒன்றாவது இருக்கிறதா என்று கண் தேடும். வாங்கிப் பழகிய ஒவ்வொரு பெண்ணுக்கும் அந்தத் தரை ஒரு கணக்குப் புத்தகம். நீ அதைச் சாம்பலாக்கி என் கையில் கொடுத்திருக்கிறாய்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் ராயபுரத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தார். படத்தைக் கையில் வாங்கியதும் அவர் கேட்கிற முதல் கேள்வி, “இவருக்கு என்ன கூலி?” என்பதுதான். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவரை எடுத்துக்கொண்டு போனேன். மூட்டைக்கு எவ்வளவு என்று கேட்டார். போய்க் கேட்டுவிட்டு வா என்று அனுப்பினார். கேட்கப் போன இடத்தில் அந்த மனிதர் கூலியைச் சொன்னார், கூடவே மூட்டையைக் குத்தித் தூக்கும் கொக்கியையும் காட்டினார். அவருடைய அப்பா பிடித்த கொக்கி. பிடி தேய்ந்து, ஐந்து விரலுக்கும் ஐந்து பள்ளம் விழுந்திருந்தது. அன்றிலிருந்து விலை கேட்காமல் நான் ஒன்றையும் எடுத்ததில்லை. ஒரு கூடை சங்கரா ஏலத்தில் என்ன போயிற்று, ஐஸ் என்ன விலை, ஷேர் ஆட்டோவுக்கு எவ்வளவு? கேட்கக் கேட்கத்தான் எடுக்க விஷயம் வரும். மனசு ஓடவில்லை என்கிறாயே, யாரிடமாவது எதையாவது கேட்டாயா?

எடுக்க ஒன்றுமில்லை என்கிறாயே, நான் பிறந்த பக்கத்தைப் பார். அங்கே கடற்கரை என்றால் கருங்கல் குவியல்தான். துறைமுகம் கட்டிய பிறகு தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது, வடக்கே கடல் கரையைத் தின்றது. மிச்சத்தைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள். திருவொற்றியூர்ப் பட்டினத்தார் சமாதிப் பக்கம் சாயங்காலம் போனால் அந்தக் கற்களில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவரவருக்கு ஒரு கல் உண்டு, மற்றவர் உட்கார மாட்டார்கள். அதை யாராவது எடுப்பார்கள் என்று ரொம்ப நாளாகக் காத்திருக்கிறேன்.

இருந்த இடத்திலேயே படம் எடுத்தவர்களும் உண்டு. செக் நாட்டில் யோசப் சுதெக் என்று ஒருவர். முதல் உலகப் போரில் வலது கை போயிற்று. பிராகாவில் தன் ஸ்டுடியோ ஜன்னலை 1940-இலிருந்து 1954 வரை எடுத்தார். பனி படிந்த கண்ணாடி, அப்பால் ஒரு மரம், விளிம்பில் ஒரு தம்ளர். (அவர் எடுத்தது கறுப்பு-வெள்ளைதான். அதை வைத்து என்னோடு வாதாடாதே.) அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் புகைப்படக்காரர் பழனிக்குமார் மதுரையில் மீன் விற்ற தன் அம்மாவை எடுத்தாரே, அதைப் பார். காசி எங்கும் போய்விடாது. நாற்பது வயதில் போ. அம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டால் அந்தத் தரையில் நோட்டு காயாது. அதை இப்போதே எடுத்தாக வேண்டும்.

ஆகவே இதைச் செய். 14-ஆம் படத்தின் கலர் கோப்பை அனுப்பு. பெரிய பிரிண்ட் போடுகிறேன், செலவு என்னுடையது. முதல் பிரதி அம்மாவுக்கு. அவர் வேண்டாம் என்றால் அதை வெளியே காட்டக் கூடாது. இன்னொன்று. எடைக்கற்களில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சின்னதாக, பளபளவென்று தெரிகிறது. பித்தளையாக இருக்கும் என்று நினைக்கிறேன், நீ நிறத்தை எடுத்துவிட்டதால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அது எப்படி அவர் கைக்கு வந்தது, என்ன விலை கொடுத்தார் என்று கேட்டு எழுது.

அன்புடன்,
ராயபுரத்திலிருந்து
உன் பெரியப்பா