ஒரு பெயர் பூண்ட மூவர்

வியட்நாம் நாட்டில் பதின்மருள் ஏறத்தாழ நால்வர் ‘நுயென்’ என்னும் குடிப்பெயர் உடையவர். அவரெல்லாம் ஒரு குடியில் தோன்றியவர் அல்லர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் திரான் மரபினர் அரசைக் கைக்கொண்டபோது, வீழ்ந்த லீ மரபினரை அப்பெயர் பூணுமாறு பணித்தனர். தோற்றோர்க்குப் பெயரும் உரிமையன்று போலும்!

நுயென் ஹுவே 1789-ஆம் ஆண்டுப் புத்தாண்டு விழாநாள்களில், இன்று ஹனோய் எனப்படும் நகரினின்று சீனப் பெரும்படையைத் துரத்தினார், 1792-இல் மறைந்தார். அவர்தம் பகைவரும் ஒரு நுயென்னே. நுயென் ஆன் என்னும் அவர், 1802-இல் நாடு முழுவதையும் வென்று முடிசூடினார். சினம் தணியாராய், ஹுவேயின் கல்லறையைத் தோண்டி எலும்புகளைச் சிதைப்பித்தார்.

அவ்வரசரிடம் பணிபுரிந்த புலவர் நுயென் தூ. தந்தையையும் தம்பியையும் மீட்கத் தன்னையே விற்ற கியேயு என்னும் நங்கையின் துயரை அவர் 3,254 அடிகளில் பாடினார். எழுத்தறியா உழவரும் அதனை வாய்மொழியாகவே ஓதிவந்தனர்.